எழுத்துக்கூட்டாமல் ஸ்டாஃப் நொட்டேஷன் வாசிப்பது: கீபோர்டு கற்கும் ஒருவருக்குப் பதில்

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். 36 வயது, வங்கி வேலை, வீட்டில் 61 கட்டை கீபோர்டு, இரண்டு வருடப் பழக்கம். ‘சி சி ஜி ஜி ஏ ஏ ஜி’ என்று ஸ்வரங்களின் இங்கிலீஷ் பெயரை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொண்டு பதினைந்து பாட்டு வரை வாசிக்கிறீர்கள். எட்டு வயது மகளை வகுப்பில் சேர்த்த பிறகு அவள் புத்தகத்தைத் திறந்தால் ஐந்து கோடும் புள்ளிகளுமாக, ஸ்டாஃப் நொட்டேஷன் என்ற இசை எழுத்தாக இருக்கிறது. ஒரு வரியைக் கடக்க உங்களுக்குப் பத்து நிமிடம் ஆகிறது. ‘இந்த வயதில் ஸ்டாஃப் நொட்டேஷன் வருமா, எனக்கு அது வேண்டுமா, எங்கே தொடங்குவது?’ என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நடுவில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: ‘எல்லாக் கோட்டின் பெயரும் மனப்பாடம், ஆனாலும் வாசிக்க வரவில்லை.’ நீங்கள் உண்மையில் கேட்டது அதைத்தான் என்று நினைக்கிறேன். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் திருச்சியில் 22 வருடமாகக் கீபோர்டும் பியானோவும் சொல்லித் தருகிறேன். டிரினிட்டி, ஏபிஆர்எஸ்எம் கிரேடு தேர்வுகளுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வது பாதி வேலை. மீதிப் பேர் உங்களைப் போல வேலை முடிந்து, ஹெல்மெட்டும் கையுமாக வருகிற பெரியவர்கள். ஆறு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு நான் சொல்லித் தந்ததில்லை. வயலின், கிட்டார் கற்பவர்களின் சிக்கல்கள் வேறு. ஆகவே இதெல்லாம் கட்டை வாத்தியம் வாசிக்கிறவர்களுக்கு மட்டும்.

முதலில் என் கதை ஒன்று. 14 வயதில் பாளையங்கோட்டையில் ஒரு சர்ச் கொயரில் ஆர்மோனியம் வாசித்தேன். கொஞ்சம் நல்ல காது. ஒரு தரம் கேட்டால் பிடித்துவிடுவேன். அதனால் புத்தகத்தைத் திறந்து வைத்து, கண்ணை அதன் மேலேயே பதித்து, மனதில் இருப்பதை வாசிப்பேன். பார்க்கிறவர்களுக்கு நான் நோட் பார்த்து வாசிப்பதாகத் தோன்றும். ஒரு சனிக்கிழமை ஒத்திகையில் கொயர் மாஸ்டர் பின்னாலிருந்து கையை நீட்டிப் பக்கத்தைத் திருப்பிவிட்டார். நான் பாட்டுக்கு வாசித்துக்கொண்டே போனேன். கண் முன்னால் வேறு பாட்டு, கையில் பழைய பாட்டு. கொயரே சிரித்துவிட்டது. “ஏலே, நீ எங்க வாசிக்க? ஒப்பிச்சிட்டுல்லா இருக்க!” என்றார்.

அடுத்த வாரத்திலிருந்து தினமும் பத்து நிமிடம் அவர் பக்கத்தில் உட்கார வேண்டும் என்றாகிவிட்டது. தெரியாத பாட்டு ஒன்றை எடுத்து வைப்பார். முதல் நோட் எது என்று அவரே சொல்லிவிடுவார். “இனிமே பேரச் சொல்லாதலே. மேல போவுதா கீழ போவுதா, எவ்வளவு தூரம், அத மட்டும் சொல்லு.” மூன்று மாதம் இதே வேலை. இன்றைக்கும் என் வகுப்பில் பெரியவர்களிடம் நான் செய்வது இதைத்தான். அவருடைய அதட்டல் மட்டும் எனக்கு வரவில்லை.

தமிழில் புத்தகத்தையும் வாசிக்கிறோம், வீணையையும் வாசிக்கிறோம். ஆனால் புத்தகம் வாசிப்பதைப் பற்றி நமக்குத் தெரிந்ததை வாத்தியம் என்று வந்தால் மறந்துவிடுகிறோம். முதல் வகுப்புப் பிள்ளை ‘அ, ம், மா’ என்று எழுத்துக்கூட்டும். நீங்கள் ‘திருச்சி’ என்ற பஸ் போர்டைப் பார்க்கும்போது தி, ரு, ச், சி என்று கூட்டுவதில்லை. சொல்லின் உருவம் தெரிந்ததும் காலே ஓடத் தொடங்கிவிடுகிறது. ஒவ்வொரு புள்ளிக்கும் கீழிருந்து கோடு எண்ணி, பெயர் கண்டுபிடித்து, அந்தப் பெயருக்கான கட்டையைத் தேடி அழுத்துவது எழுத்துக்கூட்டல். அதில் நீங்கள் எவ்வளவு தேர்ந்தாலும் அது வேகமான எழுத்துக்கூட்டலாக மட்டுமே ஆகும். கோட்டின் பெயர் மனப்பாடமாக இருந்தும் வாசிக்க வராததன் காரணம் இதுதான், வயது இல்லை.

வேண்டுமா என்ற கேள்விக்கு வருகிறேன். எல்லாருக்கும் வேண்டும் என்று சொன்னால் பொய். மெல்லிசைக் குழுவில் வாசிக்கிற எத்தனையோ பேர் ஒரு வரி ஸ்டாஃப் தெரியாமல், காதையும் கார்டையும் (சேர்த்து அழுத்தும் ஸ்வர அடுக்கு) வைத்து என்னைவிட நன்றாக வாசிக்கிறார்கள். கர்நாடக சங்கீதமே குரு வாயிலிருந்து சிஷ்யர் காதுக்குப் போய்த்தான் வளர்ந்தது. பிடித்த சினிமாப் பாட்டை வீட்டில் வாசிப்பது மட்டும் ஆசை என்றால், ஸ்டாஃபுக்குச் செலவிடும் நேரத்தைக் கார்டுக்குச் செலவிடுங்கள் என்பேன். இன்னொரு பக்கம், இளையராஜா பேப்பரில் ஸ்டாஃப் எழுதித் தர, அந்த இசையை அதற்கு முன் கேட்டே இராத வாத்தியக்காரர்கள் அதைப் பார்த்து வாசித்தார்கள். சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் அவர் கற்றுக்கொண்ட எழுத்து அது. கேட்காத இசையை வாசிக்க வேண்டும், இரண்டு கையும் இரண்டு வேலை செய்கிற பியானோ இசை வேண்டும், மகளின் பாடத்தில் கூட உட்கார வேண்டும் என்றால் ஸ்டாஃப் இல்லாமல் முடியாது. நீங்கள் மூன்றாவது காரணத்துக்காக வருகிறீர்கள். அதுவே போதும்.

உங்கள் ‘சி சி ஜி ஜி ஏ ஏ ஜி’யில் என்ன குறைகிறது என்று பாருங்கள். எந்த ஜி, மேலே உள்ளதா கீழே உள்ளதா? தெரியாது. கடைசி ஜி மற்றவற்றைவிட இரண்டு மடங்கு நீளம். அதுவும் அதில் இல்லை. இடது கை என்ன செய்கிறது? அதற்கு இடமே இல்லை. பாட்டு ஏற்கெனவே காதில் இருப்பதால் நீங்கள் சமாளிக்கிறீர்கள். தெரியாத பாட்டை யாராவது இப்படி எழுதித் தந்தால் உங்களால் வாசிக்க முடியாது. அதாவது உங்கள் நோட்டில் இருப்பது ஞாபகக்குறிப்பு. 11ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் அரெட்சோவில் குய்தோ என்ற துறவி கோடுகளின் மேல் ஸ்வரங்களை எழுதும் முறையைச் சீர்படுத்தியதும் இந்தக் குறையைப் போக்கத்தான். அவர் பயன்படுத்தியது நாலு கோடு. பையன்கள் வருடக்கணக்காகக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்த பாடல்களை, முன்பு கேட்காமலேயே பார்த்துப் பாட வேண்டும் என்பது அவர் நோக்கம்.

இனி அடிப்படை. பியானோ, கீபோர்டு புத்தகத்தில் ஐந்து கோடு கொண்ட இரண்டு வரிசை ஒன்றன் கீழ் ஒன்றாக இருக்கும். மேல் வரிசை பெரும்பாலும் வலது கைக்கு, கீழ் வரிசை இடது கைக்கு. மேல் வரிசையின் தொடக்கத்தில் சுருண்டிருக்கும் ட்ரெபிள் கிளெஃப் அலங்காரத்துக்காக வரைந்ததல்ல. அது ‘ஜி’ என்ற எழுத்தின் பழைய வடிவம். அதன் வயிறு சுற்றி நிற்கும் கோடு, கீழிருந்து இரண்டாவது, ஜி. கீழ் வரிசையின் பாஸ் கிளெஃப் ‘எஃப்’ என்ற எழுத்திலிருந்து வந்தது. அதன் இரண்டு புள்ளிக்கும் நடுவே ஓடும் கோடு, மேலிருந்து இரண்டாவது, எஃப். இரண்டு வரிசைக்கும் நடுவே, தனக்கென்று ஒரு குட்டிக் கோட்டோடு நிற்பது மிடில் சி, அதாவது கீபோர்டின் நடுப்பகுதியில் உள்ள சி.

இப்போது கீபோர்டில் உட்காருங்கள். இரண்டு கட்டை விரலையும் மிடில் சி-யில் வையுங்கள், ஒன்றோடு ஒன்று இடிக்கட்டும். மற்ற விரல்களைப் பக்கத்துக்கு ஒரு வெள்ளைக் கட்டையாக விரியுங்கள். வலது சுண்டுவிரல் எங்கே நிற்கிறது? ஜி-யில். இடது சுண்டுவிரல்? எஃப்-இல். இரண்டு கிளெஃபும் சுட்டிக்காட்டும் இரண்டு ஸ்வரமும் உங்கள் இரண்டு சுண்டுவிரலின் அடியில் இருக்கின்றன. காகிதத்தில் மிடில் சி-யை மடிப்பாக வைத்து மடித்தால் ஜி-யின் கோடும் எஃப்-இன் கோடும் ஒன்றன் மேல் ஒன்று விழும். இதை ஒரு தரம் கையால் உணர்ந்தவர்களுக்குக் கீழ் வரிசைப் பயம் பாதி போய்விடும். மேல் வரிசையை ஆறு மாதம் படித்துவிட்டு அப்புறம் கீழ் வரிசைக்கு வரலாம் என்று சில ஆசிரியர்கள் வைத்திருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அப்படிக் கற்றவர்கள் பாஸ் கிளெஃபைக் காலம் முழுக்க ‘மேல் வரிசையிலிருந்து இரண்டு எழுத்து தள்ளி’ என்று மொழிபெயர்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்த அடையாளங்களும் இதே மடிப்பில்தான். மேல் வரிசையில் மேலிருந்து இரண்டாவது இடைவெளி ஒரு சி. கீழ் வரிசையில் கீழிருந்து இரண்டாவது இடைவெளி இன்னொரு சி. மேல் வரிசைக்கு மேலே இரண்டு குட்டிக் கோடு போட்டால் ஒரு சி, கீழ் வரிசைக்குக் கீழே இரண்டு குட்டிக் கோடு போட்டால் ஒரு சி. மிடிலையும் சேர்த்தால் ஐந்து சி. உங்கள் 61 கட்டையில் இடதுகோடியின் முதல் கட்டை அந்தக் கடைசி சி-யே. மிடில் சி இடமிருந்து மூன்றாவது சி. ஐந்து சி, ஒரு ஜி, ஒரு எஃப். இந்த ஏழு இடங்களை மட்டும் பார்த்த மாத்திரத்தில் கை போகிற அளவுக்குப் பழகுங்கள். கோடுகளின் பெயரை நினைவில் வைக்க ‘எவ்ரி குட் பாய்’ என்று தொடங்கும் வாக்கியம் உங்கள் மகளுக்கும் சொல்லித் தந்திருப்பார்கள். தப்பில்லை, அவசரத்துக்கு உதவும். ஆனால் மூன்றாவது கோடு எது என்று தெரிய அந்த வாக்கியத்தை முதலிலிருந்து சொல்லிக்கொண்டு வர வேண்டும். அதற்குள் பாட்டு நாலு தட்டு தாண்டிப் போயிருக்கும்.

மீதியெல்லாம் தூரம். கோட்டிலிருந்து அடுத்த இடைவெளிக்கு, அல்லது இடைவெளியிலிருந்து அடுத்த கோட்டுக்குப் போனால் அடுத்த எழுத்து. அதே வெள்ளைக் கட்டை வரிசையில் அடுத்த கட்டை. பேத்தோவன் 1824இல் முடித்த ஒன்பதாவது சிம்ஃபொனியின் புகழ்பெற்ற மெட்டு உங்கள் மகள் புத்தகத்தில் கட்டாயம் இருக்கும். அதன் முதல் எட்டு பாரில் (இரண்டு செங்குத்துக் கோட்டுக்கு நடுவே உள்ள பகுதி ஒரு பார்) முப்பது ஸ்வரம். ‘இ இ எஃப் ஜி, ஜி எஃப் இ டி, சி சி டி இ, இ டி டி’ என்று முதல் பதினைந்து. ஒரு இடத்தில்கூடத் தாவல் இல்லை: ஒன்று நின்ற இடத்திலேயே திரும்ப வரும், இல்லையென்றால் பக்கத்துக் கட்டைக்கு நகரும். முதல் ஸ்வரம் எது என்று தெரிந்தால் போதும், மீதி இருபத்தொன்பதுக்கும் பெயரே தேவையில்லை. ‘அதே, மேலே, மேலே, அதே, கீழே, கீழே, கீழே’ என்று விரல் நடந்துவிடும். இன்றைக்கே பெயர் சொல்லாமல் இதைச் செய்து பாருங்கள். பத்து நிமிடம் ஆகாது.

தாவல் வரும்போது இன்னொரு வசதி இருக்கிறது. கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்குப் போனால் நடுவே ஒரு கட்டையை விட்டுவிட்டுத் தாவுகிறோம். அது மூன்றாம் ஸ்வரம். நடுவே ஒரு கோட்டை விட்டுவிட்டு அதற்கடுத்த கோட்டுக்குப் போனால் ஐந்தாம் ஸ்வரம். உங்கள் ‘சி சி ஜி ஜி’ அதுதான்: குட்டிக் கோட்டில் சி, முதல் கோட்டை விட்டு இரண்டாவது கோட்டில் ஜி. கட்டை விரலிலிருந்து சுண்டுவிரலுக்கு, கை நகரவே வேண்டாம். கோட்டிலிருந்து கோட்டுக்கோ, இடைவெளியிலிருந்து இடைவெளிக்கோ போனால் எப்போதும் ஒற்றைப்படை: மூன்று, ஐந்து, ஏழு. கோட்டிலிருந்து இடைவெளிக்கு என்றால் இரட்டைப்படை: இரண்டு, நாலு, ஆறு, எட்டு. நாலா ஐந்தா என்று கண் தடுமாறும் இடத்தில் இந்தக் கணக்கு உடனே தீர்த்துவைக்கும். மூன்று ஸ்வரம் ஒன்றன் மேல் ஒன்றாக மூன்று கோட்டில் அடுத்தடுத்து நின்றால், அல்லது மூன்று இடைவெளியில் நின்றால், அது நேரான கார்டு. கீழே இருப்பதே அதன் பெயர். அடுக்கில் ஓர் இடத்தில் மட்டும் சந்து பெரிதாகத் தெரிந்தால் கார்டைப் புரட்டிப் போட்டிருக்கிறார்கள் என்று பொருள். கார்டை எப்போதும் கீழிருந்து மேலாகப் படியுங்கள்.

இனி காலம். நம் ஊரில் இதற்கு இங்கிலீஷ்காரர்களைவிட நல்ல கருவி இருக்கிறது, ஆனால் கீபோர்டு வகுப்புகளில் யாரும் அதைத் தொடுவதில்லை. ஒரு தட்டு நீளமுள்ள க்ராட்செட்டுக்கு ‘தா’. ஒரு தட்டில் இரண்டு க்வேவர் வந்தால் ‘தக’. நாலு செமிக்வேவர் வந்தால் ‘தகதிமி’. ஒரு தட்டில் மூன்று வந்தால் ‘தகிட’. இரண்டு தட்டு மினிமுக்கு ‘தா-ஆ’. தொடையில் தட்டிக்கொண்டு வாயால் சொல்லுங்கள். வாயில் வராத காலம் விரலில் வராது. 3/4, 6/8 என்ற தாளக் குறி இரண்டிலும் ஒரு பாருக்கு ஆறு க்வேவர் வரும், அப்புறம் என்ன வித்தியாசம் என்று எல்லாரும் கேட்பார்கள். ‘தக தக தக’ என்றால் 3/4, ‘தகிட தகிட’ என்றால் 6/8. பக்கம் பக்கமாக விளக்கினாலும் இதைவிடத் தெளிவாகாது. பேத்தோவன் மெட்டில் நாலாவது பாரில் புள்ளி வைத்த க்ராட்செட் (ஒன்றரைத் தட்டு) ஒன்றும் அதன் பின்னால் தனி க்வேவரும் வரும். ‘தக தக’ என்று மனதில் ஓட்டிக்கொண்டு முதல் ‘த’விலும் கடைசி ‘க’விலும் மட்டும் கட்டையை அழுத்துங்கள். முடிந்தது.

பெயர்க் குழப்பம் ஒன்று இருக்கிறது. இங்கே தேர்வு நடத்தும் அமைப்புகள் பிரிட்டனைச் சேர்ந்தவை. அதனால் செமிப்ரீவ், மினிம், க்ராட்செட், க்வேவர் என்று படிக்கிறோம். யூடியூபும் ஆப்களும் அமெரிக்க வழக்கில் ஹோல், ஹாஃப், குவார்ட்டர், எய்ட்த் நோட் என்கின்றன. அதே வரிசையில் அதே நாலும்தான்.

ஷார்ப் (அரை ஸ்வரம் மேலே), ஃப்ளாட் (அரை ஸ்வரம் கீழே) குறிகள் பற்றிச் சுருக்கமாக. வரியின் தொடக்கத்தில் கிளெஃபுக்கு அடுத்து இருப்பவை பாட்டு முழுக்க, எல்லா ஆக்டேவிலும் (ஸ்தாயியிலும்) செல்லும். நடுவே ஒரு ஸ்வரத்தின் முன்னால் வருவது அந்த பார் முடியும் வரை, அந்தக் கோட்டில் அல்லது இடைவெளியில் மட்டும் செல்லும். இவை எந்த வரிசையில் வரும் என்ற பாடமெல்லாம் பிறகு. முதல் மூன்று மாதம் எஃப் ஷார்ப்பும் பி ஃப்ளாட்டும் தாண்டி நீங்கள் போகப் போவதில்லை.

சரிகம கற்றவராக இருந்தால் ஓர் எச்சரிக்கை. ‘ச என்றால் சி’ என்று பல கீபோர்டு வகுப்புகளில் தொடங்கி வைக்கிறார்கள். அது ஒரு கட்டை சுருதியில் மட்டும் சரி. ஒரு கட்டை என்பதே ஆர்மோனியத்தின் சி. இரண்டு கட்டை டி, ஐந்து கட்டை ஜி. பாடுகிறவர் ஐந்து கட்டையில் ச பிடித்தால் ஜி-தான் ச. ச இடம் மாறும்; ஸ்டாஃபின் சி இடம் மாறாது. பார்த்து வாசிக்கும்போது சி, டி, இ என்றும், மனதுக்குள் பாடும்போது ச, ரி, க என்றும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கீபோர்டில் சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸ் பட்டன் இருக்குமே, பயிற்சி நேரத்தில் அது பூஜ்ஜியத்தில் இருக்கட்டும். காகிதத்தில் சி, விரலில் சி, காதில் டி ஷார்ப் என்றால் நல்ல காது உள்ளவர்கள்தான் முதலில் குழம்புவார்கள்.

இதை எழுதும்போது ஒரு கிளைக்கதை ஞாபகம் வருகிறது. 1890களில் சென்னையில் ஏ.எம். சின்னசாமி முதலியார் என்பவர் கர்நாடகக் கீர்த்தனைகளை ஸ்டாஃப் நொட்டேஷனில் எழுதி அச்சிட்டு வெளியிட்டார். பெரும் உழைப்பு. ஆனால் ஸ்டாஃப் ஸ்வரம் நிற்கும் இடத்தை நன்றாகக் காட்டும், ஸ்வரத்துக்கு ஸ்வரம் வழுக்கிப் போகும் கமகத்தைக் காட்டுவது அதற்குச் சிரமம். தோடி ராகத்தில் அசைந்துகொண்டே இருக்கும் காந்தாரத்தை (க) கோட்டில் எந்த இடத்தில் நிறுத்துவது? ஸ்டாஃப் தெரிந்துவிட்டால் எல்லா இசையும் கைக்குள் வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எப்படிப் பழகுவது என்பதில் நான் கறாரானவன். தினமும் பதினைந்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் உட்காருவது பயன்படாது. முதல் ஐந்து நிமிடம் கீபோர்டையே தொடாமல் ‘தக தகதிமி’. அடுத்த பத்து நிமிடம் இதுவரை பார்க்காத ஒரு சிறு இசைத் துண்டு. நீங்கள் இப்போது வாசிக்கும் பாட்டுகளைவிட மிகவும் எளிதாக, வெட்கப்படும் அளவுக்கு எளிதாக இருக்க வேண்டும். தாளம் தட்டும் மெட்ரோனோமை 50இல் (நிமிடத்துக்கு 50 தட்டு) வையுங்கள். தப்பு வந்தால் நிற்கக்கூடாது, திரும்பப் போகக்கூடாது. தாளத்தை விடாமல் அடுத்த ஸ்வரத்தில் போய் ஒட்டிக்கொள்ள வேண்டும். இரண்டு முறை வாசித்ததும் அந்தத் துண்டை மூடிவிடுங்கள். நாலாவது தரம் நன்றாக வந்தால் சந்தோஷப்பட வேண்டாம். அதற்குள் கை அதை மனப்பாடம் செய்திருக்கும். என் கொயர் மாஸ்டர் சொன்ன ஒப்பித்தல் அதுதான்.

இதற்கு ஒரே புத்தகம் போதாது. ஒரு மாதத்தில் முப்பது துண்டு தீர்ந்துவிடும். மகளின் வகுப்பில் மூத்த பிள்ளைகள் முடித்த ஆரம்பப் புத்தகங்களைக் கேட்டு வாங்குங்கள். ஹங்கேரியைச் சேர்ந்த பேலா பார்டோக் எளிதிலிருந்து கடினம் வரை 153 துண்டுகளை ஆறு பாகங்களாக எழுதியிருக்கிறார். முதல் இரண்டு பாகத்தைத் தன் மகன் பீட்டருக்குச் சமர்ப்பித்தார். தொடக்கத் துண்டுகளில் இரண்டு கையும் ஒரே மெட்டை வாசிக்கும். மெட்டு எப்படிப் போகும் என்று ஊகிக்க முடியாத மாதிரி இருப்பது அவற்றின் சிறப்பு. காதை நம்பி ஏமாற்ற முடியாது. என்னைப் போன்றவர்களுக்கென்றே எழுதின மாதிரி.

கண் எங்கே இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கை அழுத்தும் ஸ்வரத்துக்கு ஒன்றிரண்டு தட்டு முன்னால் கண் ஓட வேண்டும், கையைக் குனிந்து பார்க்கக்கூடாது. குனிந்து நிமிர்ந்தால் எந்த வரி என்று தேட வேண்டியிருக்கும். கருப்புக் கட்டைகள் இரண்டும் மூன்றுமாகப் பிரிந்து நிற்பது இருட்டிலும் இடம் தெரிவதற்காக என்று வைத்துக்கொள்ளுங்கள். இரட்டைக் கருப்பின் இடதுபக்கம் ஒட்டி நிற்பது சி, மூன்று கருப்பின் இடதுபக்கம் ஒட்டி நிற்பது எஃப். கண்ணை மூடித் தடவிக் கண்டுபிடிக்கும் விளையாட்டை மகளோடு போட்டியாக ஆடலாம். என் வகுப்பில் பெரியவர்களின் கைமேல் ஒரு துணியைப் போர்த்திவிடுவேன். முதல் நாள் எரிச்சல்படுவார்கள்.

இதுவரை சொன்னதில் கோடு, தூரம், காலம் எல்லாம் சந்தேகமில்லாதவை. இனி சொல்வது என் வகுப்பில் நான் கண்டது, இன்னொரு ஆசிரியர் மறுக்கலாம். இந்த முறையில் தினமும் பழகிய பெரியவர்கள் இரு கையால் எளிய துண்டைப் பார்த்ததும் மெதுவாக வாசிக்கும் நிலைக்கு எட்டு மாதத்திலிருந்து ஒன்றரை வருடத்துக்குள் வந்திருக்கிறார்கள். பாதியில் விட்டவர்களும் உண்டு. அவர்களை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. பிள்ளைகள் பெயரை வேகமாகப் பிடிக்கிறார்கள், பெரியவர்கள் உருவத்தை வேகமாகப் பிடிக்கிறார்கள் என்பது என் எண்ணம். நோட் பெயரைக் கேட்டு மதிப்பெண் தரும் ஆப்கள் முதல் இரண்டு வாரம் உதவுகின்றன. அதன் பிறகு எழுத்துக்கூட்டலைத்தான் வேகப்படுத்துகின்றன. புத்தகத்தில் ஸ்வரத்தின் மேல் பென்சிலால் ‘சி’, ‘ஜி’ என்று எழுதுவதை மட்டும் இன்றே நிறுத்துங்கள். எழுத்து இருக்கும்வரை கண் எழுத்தைத்தான் பார்க்கும், புள்ளியைப் பார்க்காது.

மகளுக்குப் பின்னால் உதவும் என்பதால் தேர்வு பற்றி ஒரு வார்த்தை. ஏபிஆர்எஸ்எம் நேரடித் தேர்வில் 150 மதிப்பெண்ணில் 21 பார்த்து வாசிப்பதற்கு. வாசிக்கும் முன் அரை நிமிடம் தருவார்கள். பெரும்பாலான பிள்ளைகள் அந்த அரை நிமிடத்தில் முதல் பாரை மூன்று தரம் வாசித்துப் பார்த்துவிட்டு, ஆறாவது பாரில் வழுக்குவார்கள். கிளெஃப், ஷார்ப்-ஃப்ளாட், தாளம், எங்கே தாவல் பெரிது, எங்கே ‘தகதிமி’, இரண்டு கையும் எங்கே தொடங்குகின்றன என்று கண்ணால் ஒரு ஓட்டம் ஓடிவிட்டு, மிகச் சிக்கலான பாரை மட்டும் தொட்டுப் பார்ப்பதற்குத்தான் அந்த நேரம். வீட்டில் நீங்களும் ஒவ்வொரு துண்டுக்கும் இப்படி அரை நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, கட்டைகளின் மேல் எழுத்து ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதாகச் சொன்னீர்கள். ஒரேயடியாக எல்லாவற்றையும் உரிக்க வேண்டாம். இந்த வாரம் டி, இ, ஜி, ஏ, பி. இரண்டு வாரம் கழித்து எஃப். அதற்கும் பிறகு சி, மிடில் சி கடைசியில். பிசின் ஒட்டிக்கொண்டிருந்தால் பிளேடால் சுரண்டாதீர்கள், துணியில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் வந்துவிடும். எண்ணெய் கட்டைகளுக்கு நடுவே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மகளிடம் சொல்லிவிட்டு உரியுங்கள், ஒட்டியது அவள்தான் என்று எழுதியிருந்தீர்கள்.